காசு பார்க்க எந்தக் கண்ணாடி?

கேள்வி: அப்பா விட்டுப்போன பிஸ்கற் ரின்னுக்குள் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசுகளும் விக்ரோறியா தலை போட்ட சதங்களும் கிடக்கின்றன. வகை பிரிக்க ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். இணையத்தில் '60 எக்ஸ்' என்று போட்டு மலிவாக விற்கிறார்கள். மணிக்கூடு திருத்தும் கடைக்காரரோ 10 போதும் என்கிறார். எதை வாங்குவது?
— வாசகி, நல்லூர்

பதில்: மணிக்கூட்டுக்காரர் சொன்னதைக் கேளுங்கள். ஒரு வில்லை எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை அதன் குவியத்தூரம்தான் (தூரத்து ஒளி வில்லையைக் கடந்து குவியும் தூரம்) தீர்மானிக்கிறது. 25ஐ குவியத்தூரத்தால் (சென்ரிமீற்றரில்) வகுத்தால் மடங்கு வரும். உண்மையிலேயே 60 மடங்கென்றால் குவியத்தூரம் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர்தான் வரும். காசு கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கும், வெளிச்சம் போக வழியிருக்காது. 2 சென்ரிமீற்றர் அகல வில்லையில் 60 என்று பொறித்திருந்தால் அது பொய்க் கணக்கு.

கடையிலேயே சோதிக்கலாம். வாசலுக்கு எதிர்ச் சுவரோரம் நின்று, வெள்ளைத் தாளின் முன் வில்லையைப் பிடித்து, வெளித்தெரு தாளில் தெளிவாக விழும்வரை முன்பின் நகர்த்துங்கள். வில்லைக்கும் தாளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அடிமட்டத்தால் அளவுங்கள், அதுதான் குவியத்தூரம். 5 சென்ரிமீற்றர் என்றால் 5 மடங்கு, இரண்டரை என்றால் 10. பிறகு சதுரக் கோட்டுக் கொப்பியை வில்லைக்குள்ளால் பாருங்கள். ஓரத்துக் கோடுகள் வளைந்தாலோ, நீலமும் செம்மஞ்சளுமாய்க் கரை கட்டினாலோ அது ஒற்றை வில்லை. அந்த நிறக் கரையைக் காசின் இயல்பான நிறமாற்றம் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. 10 மடங்கு வாங்குவதானால் மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்த 'ட்ரிப்லெற்' வகையையே வாங்குங்கள்.

உங்கள் ரின்னுக்கு முதலில் வேண்டியது 5 மடங்குக் கண்ணாடி. 3 சென்ரிமீற்றருக்குக் குறையாத விட்டம் இருந்தால் முழுக்காசும் ஒரே பார்வையில் அடங்கும். தேய்மானம், சுரண்டல், ஆண்டு எல்லாம் இதிலேயே தெரியும். 10 மடங்கு பிறகு வரட்டும். அச்சில் வார்த்த போலிக் காசின் மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகளையும் விளிம்பைச் சுற்றிய பொருத்துக் கோட்டையும் தேடத்தான் அது வேண்டும்.

10 மடங்குக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, காசை மேலே கொண்டுவாருங்கள். குனிந்து காசைத் தேடிப் போனால் கை ஆடும். முழங்கை மேசையில் ஊன்றியிருக்கட்டும், காசின் விளிம்பை மட்டும் தொடுங்கள், கீழே தடித்த துணி விரித்திருங்கள்.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவேண்டும். வில்லையைச் சுற்றி எல்.ஈ.டி. பூட்டிய கண்ணாடி பார்க்க வசதிபோலத் தெரியும். எல்லாப் பக்கமும் ஒளி விழுவதால் நிழல் செத்துவிடும், துடைத்துத் தேய்த்த காசின் மயிரிழைக் கீறல்களும் மறைந்துவிடும். அந்த விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கில் பாருங்கள்.

ஒல்லாந்தர் காசுகளில் ஒன்றைக் கவனியுங்கள். இலங்கையில் அச்சிட்ட தடித்த ஸ்ரைவர் காசில், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் வீ.ஓ.சீ. பின்னலுக்கு மேலே ஒரு சிறிய ஆங்கில எழுத்து நிற்கும். 'சீ' கொழும்பு, 'ஜீ' காலி, 'ரீ' திருகோணமலை, 'ஐ' நம்முடைய யாழ்ப்பாணம். இந்த 'ஐ' வெறும் நிமிர்ந்த கோடு, தேய்ந்த காசில் கீறல் மாதிரியே இருக்கும். விளக்கை இடப்பக்கம் வையுங்கள். எழுத்து மேடு, ஆகவே அதன் இடக்கரை மின்னும், வலக்கரை இருளும். கீறல் பள்ளம், அதில் இடக்கரை இருண்டு வலக்கரை மின்னும். இதற்கு 5 மடங்கு தாராளம். மாகாணக் கேடயச் சின்னம் பொறித்த டொயிற் காசுகள் நெதர்லாந்தில் அச்சிட்டு வந்தவை, அவற்றில் இந்த எழுத்தைத் தேட வேண்டாம்.

கேள்வி: ஒரு சேதுக் காசு வைத்திருக்கிறேன். நந்தி மங்கலாகத் தெரிகிறது, எழுத்துத் தெரியவில்லை. 20 மடங்கிலும் பார்த்துவிட்டேன். புளி போட்டு மினுக்கலாமா?
— வாசகர், கோப்பாய்

பதில்: தயவுசெய்து புளி, தேசிக்காய், பித்தளை மினுக்கி எதுவும் வேண்டாம். யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக் காசு அது. பல வேளைகளில் எழுத்தின் வடிவம் பச்சைப் படலத்திலேயே தங்கியிருக்கும், அமிலம் பட்டால் படலத்தோடு எழுத்தும் போய்விடும்.

20 மடங்கில் ஓர் எழுத்தின் துண்டுதான் கண்ணுக்குள் வரும், 'சேது' என்ற சொல் சேராது. 5 மடங்குக்கு இறங்குங்கள். இரவில் அறை விளக்கை அணைத்து, ரோச் லைற்றை மேசையில் படுக்க வைத்து, ஒளி காசின் முகத்தை உரசிக்கொண்டு போகும்படி விடுங்கள். காசைக் கால்வாசி கால்வாசியாகத் திருப்பி, நந்திக்குக் கீழே பாருங்கள். ஒரு திசையில் 'சே' தெரியும், இன்னொரு திசையில் 'து' தெரியும். ஒவ்வொரு திசைக்கும் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

மண் அடைத்திருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாட்கள் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, மரப் பற்குச்சியால் மெதுவாக நீக்கலாம். கிணற்றுத் தண்ணீர் கூடாது. நம் சுண்ணக்கல் நிலத்து நீரில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்து உதிர்ந்து திரும்ப வந்தால் அது உப்பு அரிப்பு. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் உலர்வாக வையுங்கள்.

கேள்வி: என் வில்லைக்குள் சிலந்தி வலைபோல ஏதோ படர்ந்திருக்கிறது. ஸ்பிரிற்றால் துடைக்கலாமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: அது பூஞ்சணம். வெளிப்பக்கத்தில் என்றால் தூசியை ஊதிவிட்டு, ஒரு சொட்டுச் சவர்க்கார நீர் தொட்ட மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சாரத்தின் தலைப்பால் துடைத்தால் மணல் கீறும். ஒட்டிய வில்லைக்கு ஸ்பிரிற் ஆகாது, விளிம்பால் இறங்கிப் பசையைக் கரைத்துவிடலாம். பூஞ்சணம் வில்லைகளுக்கு நடுவே போயிருந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். புதியதை உலர்த்தியோடு இறுக மூடி வையுங்கள், வெயில் விழும் சன்னலோரத்தில் திறந்து வைக்காதீர்கள். கடதாசியைப் பற்றவைக்க அந்த வில்லைக்கு ஒரு நிமிடம் போதும்.