போலி க்ரூகர்ராண்ட்: அவர் கொடுத்த நாணயம் இதுதானா?

கேள்வி: மகள் கல்யாணத்துக்காக, கோவிலில் பழக்கமான ஒருவரிடம் 1978ஆம் ஆண்டு க்ரூகர்ராண்ட் (தென்னாப்பிரிக்கத் தங்க நாணயம்) இரண்டு வாங்கினேன். 84,000 ராண்ட் ரொக்கம், ரசீது இல்லை. "அசல் தங்கம்" என்று வாட்ஸ்அப்பில் படத்தோடு எழுதியிருந்தார். ஐந்து மாதம் கழித்து நகைக்கடையில் ஒன்றை அராவிப் பார்த்து, வெறும் முலாம் என்றார்கள். கேட்டால், "ஃபுட்ஸ்டூட்ஸ், இருக்கிறபடியே என்று சொல்லித்தானே கொடுத்தேன்" என்கிறார். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர், முருகன்மேல் சத்தியம் செய்தவர். "நீயும் யாரிடமாவது தள்ளிவிடு" என்கிறார் என் மைத்துனர்.
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, சாப்பாட்டையும் சத்தியத்தையும் மாஜிஸ்திரேட் கேட்கமாட்டார். ஃபுட்ஸ்டூட்ஸும் விற்றவரைக் காப்பாற்றாது. அது மறைந்திருக்கும் குறைகளுக்கானது. தங்கம் என்று எழுதிவிட்டு முலாமைக் கொடுத்ததற்கு அல்ல. அவர் வியாபாரி இல்லை, அதனால் குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையையும் விட்டுவிடுங்கள். வழக்கின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: உங்கள் கையில் இருப்பது அவர் கொடுத்த அதே நாணயமா?

போலி என்று காட்டுவது சுலபம். அசல் 22 காரட், 33.93 கிராம், செம்பு கலந்த சிவப்புச் சாயல். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, நாணயத்தை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கினால் தராசு 1.94 கிராம் அளவுக்கு ஏறும்; அதாவது நாணயத்தின் கன அளவு 1.94 கன செ.மீ. முலாமுக்குள் பித்தளை இருந்தால் எடையும் கன அளவும் சேர்ந்து பொருந்தவே பொருந்தாது.

ஆனால் "அதே நாணயம்" என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? க்ரூகர்ராண்டில் வரிசை எண் கிடையாது. 2021 முதல் வரும் பிரிட்டனின் பிரிட்டானியா நாணயத்தில் சாய்த்தால் பூட்டாகவும் திரிசூலமாகவும் மாறும் படம் உண்டு, கனடாவின் மேப்பிள் லீஃபில் லேசர் நுண்குறி உண்டு. அவைகூட அசலா என்றுதான் சொல்லும், யார் கொடுத்தது என்று சொல்லாது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "என் கட்சிக்காரர் கொடுத்தது அசல். ஐந்து மாதத்தில் யார் மாற்றினார்களோ" என்பார். நல்ல வழக்குகள் இந்த இடத்தில் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இரண்டாவது நாணயத்தை யாரையும் அராவ விடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாணயத்தில் உள்ள க்ரூகர் முகத்தின் தாடியருகே ஒரு கீறல், மானின் காலடியில் ஒரு நசுங்கல் என்று ஏதாவது தெரிந்து, அது உங்கள் நாணயத்திலும் இருந்தால், அதுதான் உங்கள் சாட்சி. அந்த இடத்தை நெருக்கமாகப் படமெடுத்து, இரண்டு நாணயங்களையும் தனித்தனி உறையில் முத்திரையிட்டு வையுங்கள். அராவிய நகைக்கடைக்காரரிடம் இப்போதே சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்குங்கள். ஞாபகம் மங்கிய பிறகு அவர் தயங்குவார்.

மைத்துனர் சொன்னதைச் செய்யவே செய்யாதீர்கள். க்ரூகர்ராண்ட் சட்டப்படி செல்லுபடியாகும் நாணயம். போலி என்று தெரிந்தே கைமாற்றினால் மோசடிக் குற்றத்தில் நிற்பது நீங்கள்தான். உங்கள் சாட்சிப் பொருளும் போய்விடும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். சிறு வழக்கு நீதிமன்றத்தின் வரம்பு 20,000 ராண்ட். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனால் வக்கீல் கட்டணமே பாதியை விழுங்கும். 70,000 தருகிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளுங்கள். தவணை, தேதி போட்டு, கடன் ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலக்கெடு புதிதாக ஓடும்.

அப்புறம், பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. "பணத்தைக் கொடு, போலீசுக்குப் போகமாட்டேன்" என்று எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். குற்றத்தை மூடி வைக்கப் பணம் பெற ஒத்துக்கொள்வது இந்த நாட்டில் தனிக் குற்றம்; அதையே மிரட்டலாகச் சொன்னால் பணப்பறிப்பு. கோபத்தில் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் வரியே உங்களைக் குற்றவாளியாக்கிவிடும். பத்திரத்தில் தொகை, தவணை, தேதி மட்டும் இருக்கட்டும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைத் தனியாக முடிவு செய்யுங்கள். போலீஸ் நாணயங்களைக் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.