நாணல் படுகையில் கழிவுநீர் தேங்குகிறதா? முதலில் தொட்டியைப் பாருங்கள்

செப்டிக் டேங்கிலிருந்து வரும் கழிவுநீரைச் சுத்திகரிக்க, சரளைக்கல் நிரப்பி நாணல் நட்ட பள்ளம்தான் நாணல் படுகை. அதன் சரளைக்கல்லை இப்போதே தோண்ட வேண்டாம். கோளாறு பெரும்பாலும் செப்டிக் டேங்கில்தான் இருக்கும். நாற்பது வீடுகளின் கழிவுநீர் வரும் படுகையில் நுழைவுப் பக்கம் மட்டும் நீர் தேங்கி நாறுகிறது, மறுமுனை காய்ந்து கிடக்கிறது என்கிறீர்கள். தொட்டியிலேயே தங்க வேண்டிய கசடு வெளியேறி, முதல் ஓரிரு மீட்டர் சரளையின் இடுக்குகளை அடைத்திருக்க வேண்டும்.

இப்படிச் சோதியுங்கள். நீண்ட கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, வெளியேறும் குழாய்ப் பக்கமாகத் தொட்டியின் அடிவரை மெல்ல இறக்கி, சில நிமிடம் கழித்து எடுங்கள். துணியில் கறுப்பாகப் படிந்த உயரமே கசடின் உயரம். அதுவும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால், லாரி வரவழைத்துக் கசடை உறிஞ்சி எடுத்தே ஆக வேண்டும். வெளியேறும் குழாயின் 'டி' வடிவ இணைப்பையும் பாருங்கள். அது உடைந்திருந்தால் ஏடு நேராகப் படுகைக்குப் போய்விடும்.

இதன் பிறகும் நீர் வடியவில்லை என்றால், அடைபட்ட பகுதியின் சரளையை மட்டும் எடுத்துக் கழுவிப் போடலாம்.

கெஞ்சிக் கேட்கிறேன், எக்காரணம் கொண்டும் யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு மிகுந்தால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கினால் உயிர் போய்விடும்.