செந்துடோக் பூக்கவில்லை, கொடியெல்லாம் புழு: எந்த மருந்து போடலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வடக்குப் பக்கம் இருக்கும் சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி கிடைத்தது. கீரையும் வெண்டையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. பறவையும் பட்டாம்பூச்சியும் வந்து போகிற இடமாக இருக்கட்டும் என்று போன ஆகஸ்ட்டில் இந்த வட்டாரத்துச் செடிகளாக வைத்தேன். ஊதாப் பூப் பூக்கும் செந்துடோக் செடி நான்கு, லியா என்ற புதர்ச்செடி ஒன்று, வேலியில் ஒரு அரிஸ்டோலோக்கியா கொடி. மார்ச் வந்துவிட்டது, சாலையோரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டுகிறது. என் செந்துடோக்கில் ஒரு மொட்டுகூட இல்லை. இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. மாதம் இரண்டு முறை கோழி எரு போடுகிறேன், முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுகிறேன், காலை மாலை தண்ணீர் ஊற்றுகிறேன். கொடியில் கறுப்புப் புழுக்கள், உடம்பெல்லாம் சதை முள். நான்கே நாளில் பாதி இலையைக் காலி செய்துவிட்டன. வேப்பெண்ணெய் இரண்டு தடவை தெளித்தேன். செடிக் கடைக்காரர் ஒரு குருணை மருந்து கொடுத்து, வேரில் தூவினால் மூன்று மாதம் புழுவே வராது என்கிறார். கூடவே ஒரு பூ டானிக். எவ்வளவு போட வேண்டும்? தேன்சிட்டு வரட்டும் என்று கணவர் சீனித் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் தொங்கவிட்டார். அதற்கும் ஒன்றும் வரவில்லை. மனசே விட்டுப்போகிறது.

பதில்: அம்மா, அந்தக் குருணையைப் போட வேண்டாம். எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள், ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் பூ விஷயத்தை முடித்துவிடுவோம், அது சுலபமானது.

சாலையோரத்தில் நீங்கள் பார்ப்பது டிரம்பெட் மரம். சிங்கப்பூர் சகுரா என்று செல்லமாகச் சொல்கிறார்கள். அதன் பூர்வீகம் அமெரிக்காவின் வெப்ப நாடுகள். வருடத் தொடக்கத்து வறட்சியில் காய்ந்து, பிறகு மழை விழுந்ததும் ஒரேயடியாகப் பூக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இன்னொரு முறையும் பூக்கும். அதைப் பார்த்து உங்கள் செந்துடோக்கை எடைபோடாதீர்கள். இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி என்று நமக்கு மனதில் பதிந்திருக்கிறது. பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 137 கிலோமீட்டரில் இருக்கும் இந்தத் தீவில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு கணக்கு. புறா ஆர்க்கிட் இருக்கிறதே, மழைமரக் கிளைகளில் ஒட்டி வளருமே, அது ஒரு பெருமழையில் காற்று சட்டென்று குளிர்ந்து ஒன்பது நாள் கழித்து, ஊர் முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்து, அன்றைக்கே வாடிவிடும். தெம்புசு மரம் பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில் ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் ஒருமுறை மணக்கும். செந்துடோக்குக்கு மாதமே கிடையாது. வெயிலும் மண்ணும் சரியாக அமைந்தால் வருடம் முழுக்கப் பூக்கும்.

உங்களுக்கு இரண்டுமே சரியில்லை.

வெயிலைப் பார்ப்போம். தோட்டம் புளோக்குக்கு வடக்கே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல் எனக்குப் போதும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து போகிறது. டிசம்பரில் நண்பகலிலேயே உச்சியிலிருந்து 25 பாகை தெற்கே நிற்கும். 12 மாடி புளோக் என்றால் உச்சி வேளையிலும் வடக்குப் பக்கம் ஏறக்குறைய 15 மீட்டருக்கு நிழல் விழும். ஆகஸ்ட்டில் நட்டீர்கள், செடி வேர் பிடித்து எழும் நேரத்தில் நிழல் வந்து மூடிவிட்டது. இப்போதுதான் சூரியன் உங்கள் பக்கம் திரும்புகிறது. இனி செப்டம்பர் வரை வெயில் உங்களுக்குத்தான். இடம் மாற்ற வேண்டாம், பொறுங்கள்.

மண்ணுக்கு வருவோம். இதைப் பொறுத்தால் சரியாகாது, நீங்கள் கையை நிறுத்த வேண்டும். செந்துடோக் புளிப்பு மண்ணில், ஏழை மண்ணில், சிவந்த களிமண் மேட்டில் தானாக முளைக்கிற செடி. மற்ற செடிகளுக்கு நஞ்சாகிற அலுமினியத்தை இழுத்துத் தன் இலையில் சேர்த்து வைத்துக்கொண்டு நன்றாக வளரும் சாதி அது. முட்டை ஓடு என்பது சுண்ணாம்பு. கத்தரிக்காய்க்கும் தக்காளிக்கும் நல்லது. இதற்குப் போட்டால் மண்ணின் புளிப்பு குறைந்து, இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதனால்தான். கோழி எருவோ தழைச்சத்து மிகுந்தது, இலையை வளர்த்துவிட்டுப் பூவை மறக்கடிக்கும். இரண்டையும் இன்றோடு விடுங்கள். மேல்மண்ணை இரண்டு விரற்கடை சுரண்டி எடுத்துவிட்டு, மரத்தடியில் கொட்டிய காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்புங்கள். தண்ணீர், விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும். பூ டானிக்கைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிழலில் நிற்கிற செடியைப் பூக்க வைக்கும் டானிக் எந்தப் போத்தலிலும் கிடையாது.

சரி, இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். இந்தப் பாத்தியை யாருக்காக வைத்தீர்கள்?

பட்டாம்பூச்சிக்காக என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கறுப்புப் புழுதான் அம்மா பட்டாம்பூச்சி. நாளைக் காலையில் கிட்டே போய்ப் பாருங்கள். உடம்பு கறுத்து, சதை முள்ளெல்லாம் சிவந்து, நடு உடம்பில் வெள்ளையாக ஒரு வளையம் போட்டதுபோல இருந்தால் அது காமன் ரோஸ். கறுப்புச் சிறகும் சிவந்த உடம்புமாகப் பறக்குமே, அது. உருவம் பெரிதாக, பழுப்பேறிய உடம்பில் வெளிர் பட்டை சாய்வாக ஓடினால் பர்ட்விங், கறுப்பு முன்சிறகும் மஞ்சள் பின்சிறகும் உள்ளது. இந்தத் தீவின் மிகப் பெரிய பட்டாம்பூச்சிகளில் ஒன்று. ஈசூனில் ஒரு புளோக்கின் அடியில் அது முட்டையிட்டிருந்தால் நீங்கள் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். இரண்டு இனமும் அரிஸ்டோலோக்கியா குடும்பத்தைத்தான் தின்று வளரும். கறிவேப்பிலையோ முருங்கையோ கொடுத்தால் தொடாது, பட்டினி கிடந்து சாகும்.

குருணை என்ன செய்யும் என்று கடைக்காரர் பாதிதான் சொன்னார். வேர் வழியாக ஏறி இலைக்குப் போகும், அது சரி. அங்கேயே நின்றுவிடுமா? தண்டு, இலை, மொட்டு, தேன், மகரந்தம் என்று செடி முழுக்கப் பரவும். இலையைக் கடிக்கும் புழு சாகும், தேன் குடிக்க வந்த வண்டும் நஞ்சைக் குடிக்கும். மண்ணில் அது மாதக்கணக்கில் தங்கும். வீட்டுக்குள் வைக்கும் அழகுச் செடியில் மாவுப்பூச்சி என்றால் ஒருவர் போடலாம், அது அவர் பாடு. தேனீயைக் கூப்பிடுவதற்கென்றே வைத்த பாத்தியில் இதைப் போடுவது, இலை போட்டு விருந்துக்கு அழைத்துவிட்டு சாம்பாரில் விஷம் கலப்பது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் எதுவும் போடாவிட்டாலும், வாங்கும்போதே செடியில் அது இருக்கலாம். சில வருடங்களுக்கு முன் நான் ஒரு கடையில் எலுமிச்சங்கன்று வாங்கினேன். இலையில் ஒரு ஓட்டை இல்லை, அப்படி ஒரு பளபளப்பு. இரண்டாம் வாரத்தில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி வந்து முட்டையிட்டது. குஞ்சுப் புழுக்கள் வெளியே வந்தன, பறவை எச்சம் போலவே இருக்கும், பார்த்திருப்பீர்கள். மறுநாள் ஒவ்வொன்றும் இலை விளிம்பில் தலைகீழாகத் தொங்கி, கறுத்து, நூல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. கடைக்குப் போய்க் கேட்டேன். "நடும்போதே மண்ணில் கலந்துவிடுவோம், சுத்தமாக இருந்தால்தானே ஆள் வாங்குகிறார்கள்" என்றார், ஏதோ நல்ல காரியம் செய்ததுபோல. அன்றிலிருந்து செடி வாங்கும்போது நான் ஓட்டை விழுந்த இலையைத் தேடுகிறேன். புழு தின்ற தடம் இருந்தால் அங்கே மருந்தின் பிடி இருக்க வாய்ப்புக் குறைவு. கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள், "மண்ணில் குருணை போட்டீர்களா?" மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். அதைவிட நல்லது, சமூகத் தோட்டக்காரர்களிடம் தண்டுத் துண்டும் விதையும் கேட்டு வாங்குவது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தால் இப்போது பல பேட்டைகளில் தோட்டம் இருக்கிறது. கேட்டால் கொடுக்காதவர்கள் அங்கே குறைவு.

வேப்பெண்ணெய் விஷயத்தில் உங்களுக்குக் கோபம் வரலாம். வேம்பு நம் சாமி மரம், அம்மை போட்டாலும் அதுதான், ஆகவே தீங்கு செய்யாது என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். பயிர் காக்கும் இடத்தில் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வேம்பில் இருக்கும் சத்து புழுவின் பசியைக் கெடுத்து, தோல் உரிக்க விடாமல் செய்வது. அதற்காகத்தானே தெளிக்கிறோம்? கத்தரியைத் தின்னும் புழுவுக்கு ஒரு நியாயம், பட்டாம்பூச்சிப் புழுவுக்கு ஒரு நியாயம் என்று அது பிரித்துப் பார்க்காது. இந்தப் பாத்தியில் வேப்பெண்ணெயும் வேண்டாம்.

கொடி மொட்டையாகிவிடும் என்று பயப்படாதீர்கள். கிழங்கு மாதிரி வேர் கட்டியிருந்தால் மறுபடி தழைக்கும். வளர்ந்த புழுக்கள் சில நேரம் தண்டையே சுற்றிக் கடித்துவிடும், அதனால் ஒரு கொடி போதாது, மூன்று வையுங்கள். ஆனால் உங்களிடம் இருப்பது எந்தக் கொடி என்று பார்க்க வேண்டும். வேண்டியது அரிஸ்டோலோக்கியாவிலேயே அக்யுமினாட்டா என்ற இனம், இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியது, நம் ஈஸ்வரமூலிக்கு நெருங்கிய உறவு, சிறிய பூ. அழகுக்காகக் கடைகளில் விற்கும் தென்னமெரிக்கக் கொடிகளில் பூ பெரிதாக, மாட்டுக் குடல்போல வரிவரியாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் அப்படிப்பட்ட ஒரு தோட்டக்கொடியில் அவர்கள் ஊர் பர்ட்விங் ஏமாந்து முட்டையிட, புழுக்கள் தின்று செத்துப்போகின்றன. உங்கள் கொடி அந்த வகையாக இருந்தால் வேரோடு பிடுங்கிவிடுங்கள், ஈவு இரக்கம் வேண்டாம். எந்த வகையாக இருந்தாலும் கைமருந்து என்று வாயில் போட்டுவிடாதீர்கள், இந்தக் குடும்பத்துச் செடிகளின் நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரும். அதே நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அந்தப் புழு பறவையிடமிருந்து தப்புகிறது.

சீனித் தண்ணீர்ப் போத்தலை இன்றே இறக்கிவிடச் சொல்லுங்கள். காட்டுயிர்களுக்கு அனுமதியில்லாமல் தீனி கொடுப்பது 2020இலிருந்து இங்கே குற்றம், முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் உண்டு. எறும்பும் கொசுவும் வேறு வரும். அதற்குப் பதிலாக ஒரு வெட்சி வையுங்கள், கடையில் விற்கும் குட்டை இனம் வேண்டாம், இந்த மண்ணுக்கே உரிய கான்ஜெஸ்டா என்ற வெட்சி இனம். மஞ்சளாகத் திறந்து ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். இன்னொன்று, தேன்சிட்டு தேனைக் குடித்தாலும் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியையும் சிலந்தியையும். புழுவே இல்லாத தோட்டத்துக்கு அது எதற்கு வரப்போகிறது?

செந்துடோக்கில் முதல் பூ வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். காலை எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள், பூ ஒரு நாள்தான் இருக்கும். ஐந்து ஊதா இதழ், நடுவில் மஞ்சளும் ஊதாவுமாக இரண்டு விதக் கேசரம். அதன் மகரந்தப் பை முழுதாகப் பிளப்பதில்லை, நுனியில் ஒரு பொத்தல் மட்டும், உப்புக் குடுவை மாதிரி. சாதாரணத் தேனீயால் அதை உதிர்க்க முடியாது. கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு வரும், தச்சன் வண்டு. கேசரத்தைக் கால்களால் கட்டிப்பிடித்து, சிறகை மடக்கிக்கொண்டு மார்புத் தசையை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று கீச்சென்று உயரும், பொத்தலிலிருந்து மகரந்தம் பொடியாகப் பீய்ச்சி அதன் வயிற்றில் அப்பும். இரண்டு நொடிதான். அந்த வண்டுக்குக் கூடு கட்ட வேலியோரத்தில் காய்ந்த மரக்கட்டை ஒன்றைப் போட்டு வையுங்கள், சுத்தம் செய்கிறேன் என்று யாரும் எடுத்துவிடாதபடி தோட்டத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.

பக்கத்துப் பாத்திக்காரர்கள் புழு தங்கள் கீரைக்கு வந்துவிடும் என்று சண்டைக்கு வந்தால், அது அரிஸ்டோலோக்கியாவைத் தவிர வேறு எதையும் தொடாது என்று சொல்லுங்கள். அவர்கள் வேப்பெண்ணெய் தெளிக்கும் நாளில் மட்டும், சாரல் இந்தப் பக்கம் வராதபடி கொடிக்குக் குறுக்கே ஒரு பழைய வேட்டியைக் கட்டிவிடுங்கள். ஏற்கெனவே நீங்கள் தெளித்த இலைகளைக் குழாய்த் தண்ணீரால் மெதுவாக அலசுங்கள், புழு இருக்கும் இலையை விட்டுவிட்டு.