டி-ஷர்ட்டில் அயர்ன் செய்து ஒட்டிய படத்தைத் துணி கெடாமல் எடுப்பது எப்படி?

ஸ்டிக்கர் பிரிண்ட்டை எடுக்க நேராக தின்னர் ஊற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. முதலில் சூடு காட்டிப் பாருங்கள், முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

நான் சென்னை வியாசர்பாடி. எங்கள் பக்கம் ஃபுட்பால் ஆடாத பையனைப் பார்ப்பது கஷ்டம். பெரிய பசங்களுக்குச் சின்னதாகிப்போன ஜெர்சியை அடுத்த செட்டுப் பசங்களுக்குக் கொடுக்கும்போது முதுகில் இருக்கிற பேரையும் நம்பரையும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டித்தான் கொடுப்போம். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் இருக்கிற எம்.சி. ரோட்டுக்குப் போனால் புதுசே வாங்கிவிடலாமே என்பவர்கள் உண்டு, ஆனால் நன்றாக உழைக்கிற துணியைத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது.

முதலில் அது என்ன பிரிண்ட் என்று பாருங்கள். நகத்தால் ஓரத்தை நெருடினால் தோல் மாதிரி ஒரு விளிம்பு தட்டுப்படுகிறதா? அது வினைல், அதாவது பிளாஸ்டிக் தாள், உரிந்து வரும். கைக்கு எதுவுமே தட்டுப்படாமல் துணியோடு துணியாக இருந்தால் சப்ளிமேஷன், சாயம் பாலியஸ்டர் நூலுக்குள்ளேயே போய்விட்டது, அதை எதைப் போட்டும் எடுக்க முடியாது, விட்டுவிடுங்கள். ரப்பர் மாதிரி தடிப்பாக இருக்கிற ஸ்கிரீன் பிரிண்ட்டும் தாளாக உரியாது.

வினைலின் அடியில் சூட்டில் இளகும் பசை இருக்கிறது. கடையில் ஹீட் பிரஸ்ஸில் ஏறக்குறைய 150 டிகிரியில் வைத்து அழுத்தும்போது அந்தப் பசை இளகித்தான் துணியைப் பிடித்துக்கொள்கிறது, மறுபடி சூடுபட்டால் பிடியும் தளரும். அதனால் துணியை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, படத்துக்கு அடியில் பட்டர் பேப்பர் வைத்து, பின்பக்கமாக 10, 15 விநாடி அயர்ன் பாக்ஸை அழுத்துங்கள். சூடு ஆறுவதற்குள் ட்வீசரால் ஒரு மூலையைக் கிளப்பி, மேலே தூக்கி இழுக்காமல், துணியை ஒட்டினாற்போலப் பின்னோக்கி மடித்து மெதுவாக உரியுங்கள். செங்குத்தாக இழுத்தால் துணிதான் இழுபட்டுத் தொங்கிப்போகும். பாதியில் நின்றால் பசை ஆறிவிட்டது என்று அர்த்தம், பலத்தைக் காட்டாமல் திரும்பச் சூடு வையுங்கள். நெஞ்சில் இருக்கும் பெரிய படம் ஒரே தாளாக வராது, பட்டை பட்டையாகத்தான் வரும்.

ஜெர்சி பாலியஸ்டர் என்றால் இன்னும் கவனம். அயர்ன் பாக்ஸின் சூட்டுத் திருகில் ஒரு புள்ளி போட்ட அளவில் ஆரம்பியுங்கள், போதவில்லை என்றால் இரண்டு புள்ளி, அதுவும் மேலே மெல்லிய காட்டன் துணி போட்டு. சூடு மிஞ்சினால் அந்த இடம் பளபளவென்று ஆகிவிடும், பிறகு அது போகவே போகாது. தெருமுனை இஸ்திரி வண்டியின் கரிப்பெட்டி காட்டன் துணிக்கு அருமையாக வேலை செய்யும், ஆனால் அதில் சூட்டைக் குறைத்து வைக்க வழியில்லை என்பதால் ஜெர்சியை அங்கே கொடுக்காதீர்கள்.

உரித்த இடத்தில் பிசுபிசுவென்று பசை மிச்சம் இருக்கும். மேலே பிரவுன் பேப்பர் வைத்து அயர்ன் செய்தால் கொஞ்சம் அதில் ஏறிவிடும். நியூஸ் பேப்பர் வேண்டாம், மை இறங்கும். மீதிக்கு அசிட்டோன் இருக்கிற நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து ஒற்றி எடுங்கள். அதற்கு முன்னால் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் போகிறதா என்று கட்டாயம் பார்த்துவிடுங்கள், லேபிளில் அசிட்டேட் என்று இருந்தால் துணியே கரைந்துவிடும். அசிட்டோன் சீக்கிரம் தீப்பிடிக்கிற சமாச்சாரம், அடுப்பு பக்கம் வைத்துக்கொள்ளாமல் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள், ஈரம் முழுசாகக் காயாமல் மறுபடி அயர்ன் பாக்ஸை வைக்கவே கூடாது. தின்னரும் அப்படித்தான், அதன் நெடி வேறு தலையைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள், ஆபத்து.

எல்லாம் எடுத்த பிறகும் நம்பரின் உருவம் அடர்த்தியாகத் தெரிந்தால், சுற்றியுள்ள துணி வெயிலில் வெளுத்து அந்த இடம் மட்டும் வெளுக்காமல் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேய்த்துப் பயனில்லை. பழையதை மறைக்கிற அளவுக்குப் பெரிய நம்பராக வெட்டி மேலே ஒட்டிவிடுங்கள்.