ஒரே ஆள், முப்பது வருடப் பதிவுகள்: கேள்வி பதில்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய இசைத்தட்டு, கேசட் வாங்கி விற்கிறேன். தனியாக மேடையேறிச் சிரிக்க வைப்பவர்களின் பதிவுகள் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

பாடகர் ஒரே பாட்டை நாற்பது வருஷம் பாடினாலும் கைதட்டுகிறோம். காமெடியன் மட்டும் ஏன் புதுசு புதுசாகத் தர வேண்டியிருக்கிறது, அண்ணே? (தேவகோட்டை)

தெரிந்த பாட்டு என்றால் இன்னும் ஆசையாகக் கேட்போம். ஜோக்கின் முடிவு தெரிந்துவிட்டால் பாதி போச்சு. காரைக்குடியில் சொன்னது பொன்னமராவதிக்குத் தெரியாத வரை ஒரே அரை மணி நேரத்தை வருடக்கணக்கில் ஓட்டலாம். பதிவு செய்து விற்றுவிட்டால் அந்தச் சரக்கு தீர்ந்தது. அதனால்தான் பலருக்கு முதல் பதிவு அபாரமாக அமைகிறது. பல வருடம் மேடையில் தேய்த்து மெருகேற்றியது அது. அடுத்ததற்கு ஒன்றிரண்டு வருடம்தான் கிடைக்கும், நிறைய பேர் சறுக்குவது அங்கேதான். அமெரிக்கக் காமெடியன் பாப் நியூஹார்ட் விதிவிலக்கு. 1960-ல் அவருடைய முதல் ஆல்பம் பதிவான ஹூஸ்டன் கிளப்தான் அவர் ஏறிய முதல் நைட்கிளப் மேடையே. அந்த ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போய், கிராமி விருதும் வாங்கியது.

மாற்றத்தை ஒரே ஆளிடம் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் யார்? (பள்ளத்தூர்)

சந்தேகமே இல்லாமல் அமெரிக்கக் காமெடியன் ஜார்ஜ் கார்லின். 1967-ல் வந்த ஆல்பத்தில் டிவி விளம்பரம், வானிலை அறிவிப்பு என்று குரல் மாற்றிக் கிண்டல் செய்கிற, கோட்டு போட்ட பையன். 1972-ல் ‘எஃப்எம் அண்ட் ஏஎம்’ வந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அந்தப் பழைய ஆள், மறுபக்கத்தில் தாடி வைத்துத் தன் வாழ்க்கையையே பேசுகிற புது ஆள். தட்டைத் திருப்பிப் போட்டால் மனிதர் மாறிவிடுவார்! டிவியில் சொல்லக்கூடாத ஏழு சொற்கள் பற்றிய பேச்சும் அதே வருடம்தான். அதே விஷயத்தை அவர் மறுபடி பேசிப் பதிவு செய்ததை ஒரு வானொலி ஒலிபரப்ப, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் தீர்ப்பானது.

அப்புறம் 1977 முதல் 2008 வரை எச்பிஓ என்ற அமெரிக்க டிவி சேனலுக்கு 14 நிகழ்ச்சிகள். இந்த வரிசையில் 1992 நியூயார்க் நிகழ்ச்சியைத் தவறவிடாதீர்கள். வளைகுடாப் போரில் ஆரம்பித்துப் பூமியின் எதிர்காலத்தில் முடிப்பார். அதற்குள் அவர் முழு எழுத்தாளராகிவிட்டார். துணுக்குகள் போய், ஒரே வாதத்தை நிமிடக்கணக்கில் கட்டி எழுப்புகிறார். அதற்குப் பிந்தைய சிலவற்றில் கோபம் ஏறிச் சிரிப்பு இளைத்துவிட்டது என்பது என் எண்ணம். கடைசி நிகழ்ச்சி 2008 மார்ச்சில், 70 வயதில். முதுமை, சாவு, துக்க வீட்டில் நாம் சொல்கிற பொய்கள் எல்லாம் வரும். ஜூனில் இறந்துவிட்டார். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஸ்பீக்கரில் போடாதீர்கள், வார்த்தைகள் அப்படி.

வெளிநாட்டுக் கதை இருக்கட்டும். நம் கலைவாணர் எப்படி மாறினார்? (ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்)

ஆச்சி, அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். நிதானமாக ஆரம்பிக்க இடமே கிடையாது. அதனால் பாட்டும் பேச்சும் பின்னி, முதல் வரியிலேயே பிடித்துவிடுவார்கள். என்.எஸ்.கே. 1944-ல் கொலை வழக்கில் கைதாகி 1947-ல் விடுதலையானார். சீர்திருத்தம் பேசுவது முன்பும் உண்டுதான். அதன் பிறகு அதுவே முன்னால் வந்து நிற்கிறது. 1949-ல் ‘நல்லதம்பி’ படத்தில் வந்த ‘கிந்தனார்’ காலட்சேபத்தைக் கேளுங்கள், படிப்புக்கான பிரசாரம் முழுக்கச் சிரிப்பிலேயே ஓடும். நீளமாகப் பதிவு செய்யும் வசதி இங்கே பரவுவதற்குள், 1957-ல் 48 வயதில் போய்விட்டார். இன்னொன்று, நம்மூர் ஏவி. மெய்யப்ப செட்டியார் சினிமாவுக்கு வருமுன் செய்ததும் தட்டு வியாபாரம்தான்.

பட்டிமன்றக் கேசட்டை இதில் சேர்ப்பீர்களா? (கோட்டையூர்)

சேர்க்காமல்? தொண்ணூறுகளில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில் லியோனி குரல் கேட்காத ஊர் ஏது? அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி. கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ‘டக்’ என்று பக்கம் முடியும். திருப்பிப் போட்டால் வேறு பேச்சாளர் பாதியில் இருப்பார்.

அப்பா ரசித்த பெண்டாட்டி ஜோக்குகளுக்கு என் மகள் சிரிக்கவே மாட்டேன் என்கிறாள். (காரைக்குடி)

அவள் மேல் தப்பில்லை. மேடைக்காரர்களே தங்கள் பழைய பேச்சை விட்டு விலகியிருக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பினக் காமெடியன் ரிச்சர்ட் ப்ரையர் எழுபதுகளில் கறுப்பர்களைக் குறிக்கும் ஓர் இழிசொல்லை ஆல்பத் தலைப்பிலேயே வைத்தவர். ஆப்பிரிக்கா போய் வந்த பிறகு அதை விட்டார். 1982-ல் வந்த மேடைப் படத்தில் ஏன் விட்டேன் என்று சொல்கிறார். 1980-ல் தீயில் வெந்த கதையையும் அதில் சிரிப்பாக்கியிருப்பார்.

இப்போது எல்லாரும் ரீல்ஸில் பார்வையாளரை வம்பிழுப்பதை மட்டும் போடுகிறார்களே, ஏன் அண்ணா? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

அது அன்றைக்கு அந்த ஆளிடம் மட்டும் நடந்தது, வெளியே விட்டாலும் நஷ்டமில்லை. எழுதி வைத்த ஒரு மணி நேரத்தை டிக்கெட்டுக்கும் ஓடிடிக்கும் பத்திரப்படுத்துகிறார்கள். 2019-ல் அமேசான் பிரைமில் வந்த அலெக்ஸாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ வேறு வழி பிடித்தது. முழுக்கப் பாட்டோடு பின்னியிருப்பதால் இரண்டாம் முறையும் பார்க்க முடிகிறது.

தாத்தாவின் கேசட்டுகளில் வெள்ளைப் பூசணம். கணினியில் ஏற்ற முடியுமா? (ஆத்தங்குடி)

முடியும். பூசணம் உள்ளதை நல்ல பிளேயரில் போடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுக்கும் பரவும். டேப்புக்குப் பின்னால் சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கும். ஸ்க்ரூ வைத்த வேறு கூட்டுக்குள் இரண்டு சக்கரத்தையும் மாற்றிவிடலாம். கணினியில் ஏற்றியதும் இரைச்சல் நீக்கும் மென்பொருளை ஓட்டி விளையாட வேண்டாம். கூட்டத்தின் சிரிப்பையும் இரைச்சல் என்று நினைத்து அது தின்றுவிடும். தொடாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, பிறகு எது வேண்டுமானாலும் செய்யுங்கள்.