வாசகர் கேள்வி – பதில்: சீட்டுப் பணமும் தமாலே வண்டியும்

கேள்வி: அமெரிக்காவில் மெக்சிகோ, எல் சால்வடார் பக்கமிருந்து வந்து சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்குக் கடன் ஏற்பாடு செய்யவே தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றனவாம். அங்கே இருக்கும் என் மருமகள் போனில் சொன்னாள். அந்த ஊரில் வங்கிக்கா பஞ்சம்? – வாசகர், ஈரோடு

வங்கிகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் கடன் கேட்டுப் போனால் முதலில் பார்ப்பது கிரெடிட் ஸ்கோரை, அதாவது வாங்கிய கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினோம் என்பதற்கான மதிப்பெண்ணை. வருஷக்கணக்கில் ரொக்கத்திலேயே வாங்கி ரொக்கத்திலேயே விற்று, ஒருத்தருக்கும் ஒரு டாலர் பாக்கி வைக்காமல் வாழ்ந்தவருக்கு அந்த ஸ்கோரே இருக்காது. அந்த நாட்டு அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் வரி கட்டுவதற்கென்று அங்குள்ள வரித்துறை 1996 முதல் ஐடிஐஎன் என்ற தனி எண் தருகிறது. அதை வைத்து ஒழுங்காக வரி கட்டினாலும் பல வங்கிகள் அந்த எண்ணுக்குக் கடன் தருவதில்லை. அப்புறம், 5,000 டாலர் கடனுக்கும் அதைப்போல் பல மடங்கு பெரிய கடனுக்கும் வங்கி பார்க்க வேண்டிய வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் சின்னக் கடன் அவர்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர் கடைசியில் போய் மாட்டுவது, தினமும் விற்பனைப் பணத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும் முன்பணக் கம்பெனிகளிடம். அதில் வட்டி எவ்வளவு என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

இதற்கு சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 2007-ல் தொடங்கிய மிஷன் அசெட் ஃபண்ட் என்ற தொண்டு நிறுவனம் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. மெக்சிகோக்காரர்கள் ‘தாந்தா’ என்று ஒன்று போடுவார்கள், நம் குலுக்கல் சீட்டேதான்: பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 100 டாலர், மாதம் ஒருவர் கைக்கு 1,000 டாலர், ஏலம் இல்லை, தள்ளு இல்லை. தலைமுறையாகத் தவணை தவறாமல் கட்டி வந்தாலும் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இந்த அமைப்பு செய்தது, சீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சேருகிறவர்களிடம் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, மாதத் தவணையை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து, ஒவ்வொரு தவணையையும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் நிறுவனங்களுக்கும் தெரிவிப்பதுதான். வட்டியும் இல்லை, கட்டணமும் இல்லை. நடுவில் யாராவது கட்டாமல் போனால் அமைப்பே அதை ஈடுகட்டும், மற்றவர்கள் நஷ்டப்பட வேண்டாம். சீட்டு முடிவதற்குள் தன் முறையில் கைக்கு ஒரு தொகை, கூடவே இதுவரை இல்லாத ஒரு கிரெடிட் ஸ்கோர். அதைக் காட்டி அடுத்த கடனை முறையான இடத்தில் கேட்கலாம்.

இதைத் தொடங்கிய ஹோசே கின்யோனெஸ், தானே சிறுவயதில் ஆவணங்கள் இல்லாமல் மெக்சிகோவிலிருந்து வந்தவர். 2014-ல் கலிஃபோர்னியா மாநிலம் இப்படி வட்டியில்லாக் கடன் தரும் தொண்டு நிறுவனங்களை அங்கீகரித்துச் சட்டமே போட்டது, 2016-ல் அவருக்கு அமெரிக்காவின் பெரிய விருதுகளில் ஒன்றான மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் கிடைத்தது. ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியாது, நாம்தான் சொல்லித்தர வேண்டும் என்று வருகிற திட்டங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அந்த மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மதித்து அதன்மேல் கட்டியதுதான் இங்கே நடந்தது.

கேள்வி: கடனைத் தவிர வேறு என்ன உதவி செய்கிறார்கள்? – வாசகி, காரைக்குடி

கடனைவிட அதுதான் பல சமயம் பெரிய உதவி. சமையல் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சோளமாவைப் பிசைந்து உள்ளே இறைச்சியோ மிளகாயோ வைத்து, காய்ந்த சோளத்தோகையில் மடித்து ஆவியில் வேகவைக்கும் தமாலேயை வீட்டில் செய்து தெருவில் விற்கிற பெண்கள் கலிஃபோர்னியாவில் ஏராளம். உணவு விற்க வேண்டுமென்றால் பொதுவாக உரிமம் பெற்ற வணிகச் சமையலறையில் சமைக்க வேண்டும் என்பது விதி, அதற்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதே மிஷன் பகுதியில் 2005-ல் தொடங்கிய லா கோசினா என்ற தொண்டு நிறுவனம், இப்படி வசதியில்லாத பெண்களுக்கு, அதிலும் பெரும்பாலும் குடியேறி வந்தவர்களுக்கு, குறைந்த வாடகையில் சமையலறையைக் கொடுத்து, விலை வைப்பது, உரிமம் வாங்குவது, கணக்கு எழுதுவது என்று கூடவே நின்று பழக்குகிறது. அங்கிருந்து சொந்த உணவகம் வைக்கும் அளவுக்குப் போனவர்கள் உண்டு.

தெருவில் விற்பவர்கள் கதை வேறு. 2019 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் நடைபாதை வியாபாரம் குற்றமில்லை, அபராதம் போடலாம், சிறைக்கு அனுப்ப முடியாது. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று பார்த்தால், சுகாதார உரிமம் கிடைக்கவில்லை. தள்ளுவண்டியிலேயே பாத்திரம் கழுவ மூன்று பகுதித் தொட்டி, கை கழுவத் தனித் தொட்டி, அதற்கெல்லாம் தண்ணீர் என்று விதி கேட்டால், அத்தனையும் ஏற்றிய வண்டியை ஒரு ஆள் தள்ள முடியுமா? லாஸ் ஏஞ்சல்ஸில் இன்க்ளூசிவ் ஆக்‌ஷன், பப்ளிக் கவுன்சல் போன்ற அமைப்புகள் வியாபாரிகளையும் சேர்த்துக்கொண்டு போராடித்தான் 2022-ல் அந்த விதிகளைத் தளர்த்தும் சட்டம் வந்தது. ஒருத்தருக்குப் பத்தாயிரம் டாலர் கடன் கொடுத்திருந்தாலும் இந்தத் தொட்டிப் பிரச்சினை தீர்ந்திருக்காது.

கேள்வி: நம் மகளிர் சுயஉதவிக் குழு மாதிரி அங்கே உண்டா? – வாசகி, மதுரை

உண்டு. ஏழைப் பெண்களுக்குக் குழுவாகச் சிறுகடன் தரும் வங்கதேசத்து கிராமீன் வங்கியின் முறை 2008-ல் நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸுக்கே போய்விட்டது. ‘கிராமீன் அமெரிக்கா’ என்ற அந்த அமைப்பில் ஐந்து பெண்கள் ஒரு குழு, ஜாமீனுக்குச் சொத்து எதுவும் கேட்பதில்லை, வாரக் கூட்டம், வாரத் தவணை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசும் பெண்கள்.

கேள்வி: என் தம்பி நியூஜெர்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். இதெல்லாம் அவனுக்குக் கிடைக்குமா? – வாசகர், தென்காசி

இந்த அமைப்புகளில் பல ஸ்பானிஷ் பேசுபவர்களை நினைத்துத் தொடங்கியவை என்றாலும் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்துவதில்லை. தம்பி முதலில் ஸ்கோர் (SCORE; மேலே சொன்ன கிரெடிட் ஸ்கோர் அல்ல) என்ற அமைப்பை அணுகட்டும், 1964 முதல் இயங்குகிறது, தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறார்கள். கடன் வேண்டுமென்றால், மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகம் தொண்டு நிறுவனங்கள் வழியாக 50,000 டாலர் வரை தரும் மைக்ரோலோன் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். போகும்போது வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை இரண்டையும் எடுத்துக்கொண்டு போகட்டும். தினசரி பிடித்தம் செய்யும் முன்பணக் கம்பெனி ஏதாவது கடைக்கு வந்து காகிதம் நீட்டினால், யாரிடமாவது காட்டிக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.