உறைபனியும் கோய் மீன்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குளிர்நாடுகளில் வீட்டுத் தோட்டக் குளத்தில் கோய் மீன் என்னும் வண்ணக் கெண்டையை வளர்க்கும் வாசகர்களிடமிருந்து இந்தப் பருவத்தில் வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பின்வளவில் நாலடி ஆழத்தில் ஒரு குளம் இருக்கிறது. போன வாரக் குளிரில் மேற்பரப்பு முழுவதும் உறைந்துவிட்டது. மீன்களும் உறைந்துவிடுமா? பனிக்கட்டியை உடைத்துவிடலாமா? (ஸ்கார்பரோ, கனடா)

பதில்: மீன்கள் உறையமாட்டா. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸ் அளவில்தான் மிகுந்த அடர்த்தியோடு இருக்கிறது. அதற்கும் கீழே குளிரும் நீர் இலேசாகி மேலே வந்து, அங்கேயே உறைந்து மிதக்கிறது. ஆகவே மேலே ஒரு சாண் கனத்துக்குக் கட்டி படிந்திருந்தாலும் அடியில் 4 டிகிரியை ஒட்டிய நீர் தங்கியிருக்கும், கோய் மீன்கள் அதில் அசையாமல் கிடந்து குளிர்காலத்தைக் கழித்துவிடும். டொராண்டோப் பகுதியில் வீடு கட்டுபவர்கள் நிலம் உறையும் ஆழமாக நான்கு அடியையே கணக்கில் கொள்கிறார்கள் என்பதால், உங்கள் குளத்தின் ஆழம் குறித்தும் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது அந்தக் கட்டி குளத்தை முழுவதுமாக மூடிவிட்டதைக் குறித்து. அடியில் படிந்த இலைதழைகளும் மீன் கழிவும் குளிரிலும் மெதுவாக அழுகிக்கொண்டேதான் இருக்கும். அந்த அழுகல் நீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவையும், சில வேளைகளில் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடையும் வெளிவிடும். மேலே ஒரு திறப்பு இருந்தால் இவை வெளியேறும், புதிய காற்றும் உள்ளே கரையும். திறப்பே இல்லாத நிலை ஓரிரு நாள் நீடித்தால் பெரும்பாலான குளங்கள் தாங்கிக்கொள்ளும். வாரக்கணக்கில் நீடித்தால், அதிலும் இலை நிறைந்த குளமாக இருந்தால், மீன்கள் மூச்சடைத்து மடியும்.

சுத்தியலாலோ கடப்பாரையாலோ கட்டியை உடைக்காதீர்கள். அந்த அதிர்ச்சி நீர் வழியே மீன்களைச் சென்றடைந்து, ஓய்வில் கிடப்பவற்றைக் கலைத்து ஓடவைக்கும். நீர் கசியாமலிருக்க அடியில் விரித்த லைனர் கிழியும் ஆபத்தும் உண்டு. அடிப்பாகம் தட்டையான எவர்சில்வர் பாத்திரம் ஒன்றில் கொதிநீரை நிரப்பிக் கட்டியின் மேல் வையுங்கள், ஆறியதும் நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பாத்திரத்தின் கைப்பிடியில் மறவாமல் ஒரு கயிற்றைக் கட்டிக் கரையில் இருத்துங்கள், ஏனென்றால் கட்டி கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் இளகும், பாத்திரம் நேராக உள்ளே போய்விடும். குழாய் வெந்நீரைக் கட்டியின் மேல் நேரடியாக ஊற்றுவது வேண்டாம். குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கும் குளோரமைன் குளத்தில் சேரும்.

திறந்த துளை மறுபடி மூடாமல் இருக்க, தெர்மோஸ்டாட் பொருத்திய மிதக்கும் டீ-ஐசர் ஒன்று போதும். அது குளத்தைச் சூடாக்கும் கருவி அன்று. ஒரு சிறு வட்டத்தை மட்டும் உறையாமல் காக்கும். கூடவே ஒரு ஏர் பம்ப்பையும் ஓட்டலாம், ஆனால் குமிழிகளை விடும் ஏர் ஸ்டோனை அடியில் போடாமல் மேலிருந்து ஓரடி, ஒன்றரை அடி ஆழத்தில் தொங்கவிடுங்கள். அடியில் போட்டால் குமிழிகள் அங்கிருக்கும் சற்றே வெதுவெதுப்பான நீரை மேலே கொண்டுவந்து, மேலேயுள்ள கடுங்குளிர் நீரை மீன்களிடம் இறக்கிவிடும். கடைசியாக ஒன்று: பனி மூடிய குளம் புல்வெளியைப் போலவே தோற்றமளிக்கும். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் நாலு பக்கமும் கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள்.

கேள்வி: குளத்தருகே போனால் இப்போதும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. பட்டினி போடுவது பாவம் என்று சொல்லி மாமியார் ரொட்டித் துண்டும் சோறும் போடுகிறார். எப்போது உணவை நிறுத்த வேண்டும்? (மார்க்கம், கனடா)

பதில்: மீன்கள் வாயைத் திறப்பது பசியால் அன்று, பழக்கத்தால். நீரின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வழக்கமான புரத உணவைக் குறைத்துக் கோதுமை முளை கலந்த, எளிதில் செரிக்கும் உணவுக்கு மாறுங்கள். 10 டிகிரிக்குக் கீழே போனதும் முற்றாக நிறுத்திவிடுங்கள். பிரிட்டனில் சிலர் 8 டிகிரி வரை சிறிது கொடுக்கிறார்கள், நான் 10 என்பதையே எல்லையாக வைத்துக்கொள்கிறேன்.

கெண்டை இனத்துக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது, செரிமானம் முழுவதும் குடலிலேயே நடக்கிறது, குளிரில் அது மிகவும் மந்தமாகிவிடும். உண்டது உள்ளேயே அழுகி மீன் செத்துவிடும் என்று பலர் எழுதுவது சற்று மிகை என்றே எனக்குப் படுகிறது. பெரிய தொல்லை தண்ணீரில் இருக்கிறது. மீன் உண்டால் செவுள்கள் வழியே நஞ்சான அம்மோனியாவை வெளிவிடும். அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றித் தரவேண்டிய ஃபில்டர் பாக்டீரியாக்கள் இந்தக் குளிரில் ஏறக்குறைய வேலைநிறுத்தத்தில் இருக்கும். தின்னாமல் மிஞ்சும் சோறும் ரொட்டியும் அடியில் படிந்து, முந்தைய பதிலில் சொன்ன அழுகலோடு சேரும். கோடையில் நன்றாகத் தின்ற கோய் உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே நான்கைந்து மாதம் தாக்குப்பிடிக்கும் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

வெப்பமானியை நீருக்குள் விட்டு அளந்துதான் முடிவெடுக்க வேண்டும். நவம்பரிலும் மார்ச்சிலும் வெயில் அடிக்கும் ஒரு பிற்பகலில் காற்று 14 டிகிரி காட்டும், குளத்து நீரோ 6 டிகிரியிலேயே நிற்கும். அன்று ஆசைப்பட்டுப் போட்ட உணவு மீனின் குடலில் இருக்கும்போதே மறுநாள் குளம் மீண்டும் உறையத் தொடங்கிவிடும்.

கேள்வி: கோய் மீனே ஜப்பானின் பனிப்பிரதேசத்து மீன்தானே? அங்கே வாழ்ந்ததற்கு இங்கே எதற்கு இவ்வளவு பாதுகாப்பு? (ஆஸ்லோ, நார்வே)

பதில்: பிறந்த ஊரைப் பற்றிச் சொன்னது சரி. நீகாதா மாகாணத்தின் மலைக்கிராமங்களில், நெல் விளைவித்த உழவர்கள் உணவுக்காக வளர்த்த கறுப்புக் கெண்டைகளில் தற்செயலாக நிறம் தோன்றியவற்றை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தேர்ந்து பெருக்கியதில் உருவானதே இன்றைய கோய். 1914இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் ஜப்பானின் மற்றப் பகுதிகளில் அது பரவலாக அறியப்பட்டது. யமாகோஷி, ஓஜியா ஆகிய இடங்கள் இன்றும் இத்தொழிலின் மையங்கள். அங்குள்ள மலைகளில் பனி ஆளுயரத்தையும் தாண்டிக் குவியும்.

ஆனால் அந்த வளர்ப்பாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கோடை தொடங்கும்போது மீன்களை மலைச்சரிவிலுள்ள மண்குளங்களில் விடுகிறார்கள். அக்டோபரில் அந்தக் குளங்களை வடித்து, விலைமதிப்புள்ள மீன்களை ஒன்றுவிடாமல் பிடித்துக் கூரையிட்ட கொட்டகைகளுக்குள் இருக்கும் கான்கிரீட் தொட்டிகளுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பனியின் கீழ் அவற்றை விட்டுவைப்பதில்லை. 2004 அக்டோபர் 23 அன்று அப்பகுதியைத் தாக்கிய நிலநடுக்கம் சரியாக இந்த அறுவடைப் பருவத்தில்தான் வந்தது. சாலைகள் துண்டிக்கப்பட்டு மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்ட யமாகோஷியிலிருந்து மாடுகளோடு கோய் மீன்களையும் ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள் என்றால், மீன்களை அங்கே விட்டுவைப்பதன் விளைவை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்று பொருள். கோய் குளிரைத் தாங்கும் மீன்தான். பராமரிப்பில்லாத குளிரைத் தாங்கும் மீன் அன்று.

கேள்வி: சென்ற ஆண்டு குளம் மூன்று வாரம் மூடிக் கிடந்தது. பனி உருகியபோது பெரிய கோய்கள் எல்லாம் செத்து மிதந்தன, அதே குளத்திலிருந்த தங்கமீன்கள் உயிரோடு இருந்தன. நோயாக இருக்குமா? (ஒட்டாவா, கனடா)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நோயைவிட ஆக்சிஜன் குறைவையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆக்சிஜன் குறையும்போது பெரிய மீன்களே முதலில் சாகும், நோயோ அளவு பார்த்துத் தாக்குவதில்லை. தங்கமீன் பிழைத்ததற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஆக்சிஜன் இல்லாத நிலையில் பெரும்பாலான உயிர்களின் உடலில் லாக்டிக் அமிலம் சேர்ந்து கொன்றுவிடும். தங்கமீனும் அதன் நெருங்கிய உறவான குரூசியன் கெண்டையும் அதை எத்தனாலாக, அதாவது சாராயத்தின் அடிப்படைப் பொருளாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுகின்றன. கோய் மீனுக்கு அந்த அளவு தாங்குதிறன் இல்லை. ஆகவே தங்கமீன்கள் நலமாக இருப்பதைக் கண்டு குளத்தில் குறையில்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

இலையுதிர்காலத்தில் முதல் இலை விழுவதற்கு முன்பே குளத்தின் மேல் வலையைக் கட்டிவிடுவதும், அடியிலுள்ள சேற்றை அள்ளிவிடுவதும் இதற்கான மருந்து. வலை நாரைக்கும் ரக்கூனுக்கும் தடையாக இருக்கும் என்பது உபரி இலாபம்.

கேள்வி: 2021 பிப்ரவரியில் மின்சாரமும் போய்க் குளமும் உறைந்து மீன்களை இழந்தோம். மறுபடி அப்படி வந்தால் என்ன செய்வது? (டாலஸ், அமெரிக்கா)

பதில்: அந்தப் பனிப்புயலில் டாலஸ் விமான நிலையத்தில் கழித்தல் 19 டிகிரி பதிவாயிற்று, டெக்சாஸ் மாநிலத்தில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரமின்றித் தவித்தன. உங்கள் பகுதியில் குளங்களை ஆழமாக வெட்டும் வழக்கம் இல்லை என்பதால், ஒட்டாவாவில் சாதாரணமாகக் கருதப்படும் குளிர் அங்கே பேரிடராகிவிடுகிறது.

மின்சாரம் போனவுடன் பதற வேண்டாம். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 4 டிகிரி நீரில் 13 மில்லிகிராம் கரையும், மீனின் தேவையோ மிகவும் குறைந்திருக்கும். கோடையில் சில மணி நேரத்தில் வரும் ஆபத்து குளிரில் வர நாட்கள் ஆகும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். ஒட்டுப்பலகையையும் தார்ப்பாயையும் கொண்டு குளத்தின் பெரும்பகுதியை மூடி, ஓரத்தில் ஒரு திறப்பை மட்டும் விடுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கேரேஜிலோ ஓட்டவே கூடாது, அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மனிதரைக் கொன்றுவிடும்.

பலர் மீன்களை இழப்பது மின்சாரம் திரும்பி வரும்போதுதான். நின்றுபோன குழாய்க்குள் நீர் உறைந்து குழாயில் வெடிப்பு விட்டிருக்கும். நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் பம்ப் தானாக ஓடத் தொடங்கி, விடிவதற்குள் குளத்து நீரையெல்லாம் அந்த வெடிப்பின் வழியே தோட்டத்தில் இறைத்துவிடும். மின்சாரம் போனதும் பம்ப்பின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள், குழாய்களை ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகே மீண்டும் செருகுங்கள்.

கேள்வி: அருவி, ஃபில்டர், யுவி விளக்கு ஆகியவற்றைக் குளிர்காலத்திலும் ஓட்டலாமா? ஹீட்டர் போடுவது நல்லதா? (லெஸ்டர், இங்கிலாந்து)

பதில்: அருவியை நிறுத்திவிடுங்கள், குளிர்காற்றில் விழும் நீர் குளம் முழுவதையும் விரைவாகக் குளிரவைக்கும், கல்லில் உறையும் கட்டி நீரைக் கரைக்கு வெளியே திருப்பிவிடவும் கூடும். பச்சைப் பாசியை ஒடுக்கும் யுவி விளக்கைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், உறைந்தால் அதன் கண்ணாடிக் குழல் உடையும். உங்கள் ஊரில் கடுங்குளிர் நீடிப்பதில்லை என்பதால் ஃபில்டரைக் குறைந்த வேகத்தில் ஓடவிடலாம். ஹீட்டர் போடுவதென்றால் குளிர்காலம் முழுவதும் 10 முதல் 12 டிகிரியில் சீராக வைத்திருக்கும் வசதியும் மின்கட்டணத்துக்கான மனமும் வேண்டும். இடையிடையே போட்டு நிறுத்துவதைவிடப் போடாமல் இருப்பதே மீனுக்கு நல்லது.

கேள்வி: உப்புப் போட்டால் குளம் உறையாது என்கிறார்களே? (பிராம்ப்டன், கனடா)

பதில்: உறையும். கோய் தாங்கக்கூடிய அளவு, அதாவது 1000 லிட்டருக்கு 3 கிலோ உப்பு, நீரின் உறைநிலையைக் கால் டிகிரிகூட இறக்காது. அம்மோனியாவிலிருந்து ஃபில்டர் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நைட்ரைட் ஏறியிருக்கும்போது அதன் நச்சைத் தணிக்க உப்பு உதவும் என்பது வேறு விஷயம். ஃபில்டரில் ஜியோலைட் என்ற கனிமம் இருந்தால் அதற்கும் போடாதீர்கள், அது பிடித்து வைத்திருக்கும் அம்மோனியாவை உப்பு மீண்டும் நீரில் விடுவித்துவிடும். தெருவில் பனி உருக்கத் தூவும் உப்பைக் குளத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: ஒரு மீன் சாய்ந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் பேஸ்மென்டில் உள்ள தொட்டிக்கு இப்போதே மாற்றிவிடலாமா? (மொன்றியல், கனடா)

பதில்: இப்போது, சனவரியில், வேண்டாம். குளிரில் கோய்கள் அடியில் ஒன்றாகக் கூடிச் சற்றே சாய்ந்தும் கிடக்கும். செவுள் மூடி மெதுவாக அசைகிறதா என்று பாருங்கள், அசைந்தால் விட்டுவிடுங்கள். 3 டிகிரி நீரிலிருந்து 18 டிகிரி நீருக்கு மாற்றினால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். உண்மையிலேயே நோயுற்ற மீன் ஒன்றை மட்டும் எடுக்க நேர்ந்தால், குளத்து நீரையே நிரப்பிய தொட்டியைச் சூடேற்றாத கேரேஜில் வைத்து, நாளுக்கு ஓரிரு டிகிரிக்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியின் மேல் வலை கட்டுங்கள், ஏனென்றால் இடம் மாறிய கோய் முதல் இரவிலேயே துள்ளித் தரையில் விழும். அடுத்த ஆண்டு உள்ளே கொண்டுவர எண்ணமிருந்தால், அக்டோபரில், நீர் 12 டிகிரியில் இருக்கும்போதே, பாக்டீரியாக்கள் குடியிருக்கும் குளத்து ஃபில்டரின் பழைய பஞ்சோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: குளிர்காலம் முழுவதும் நன்றாக இருந்த மீன்களுக்கு ஏப்ரலில் உடம்பில் புண் வருகிறது. ஏன்? (மிசிசாகா, கனடா)

பதில்: நீர் 5 டிகிரியைத் தாண்டியதும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் ஒட்டுண்ணிகளும் விழித்துக்கொள்கின்றன, மீனின் நோய் எதிர்ப்பு முழு வலிமைக்கு வர 15 டிகிரியாவது ஆக வேண்டும். இடைப்பட்ட அந்த வாரங்களில் மீன் மெலிந்தும் இருக்கும், ஃபில்டரும் விழித்திருக்காது. பனி உருகியதும் அடிச்சேற்றை எடுத்து, நீரில் பத்தில் ஒரு பங்கை வாரந்தோறும் மாற்றுங்கள். டொராண்டோ வட்டாரக் குழாய்நீரில் குளோரமைன் இருப்பதால், வெறும் தயோசல்ஃபேட் மருந்து போதாது. அது குளோரினைப் பிரித்துவிட்டு அம்மோனியாவை மிச்சம் வைக்கும், அதையும் கட்டும் மருந்தாகப் பார்த்து வாங்குங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் வாரம் இருமுறை சோதியுங்கள். புண் ஆழமாக இருந்தால் மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், 2018 டிசம்பர் முதல் கனடாவில் இதற்கான ஆன்டிபயாடிக் மருந்துகளை அவர் சீட்டில்லாமல் வாங்க முடியாது. கடையில் வசந்தகாலத்தில் வரும் புது மீன்களைப் பார்த்துக் கை அரிக்கும். கோய் மீன்களைக் கொல்லும் வைரஸான கோய் ஹெர்பிஸ் கிருமி 16 டிகிரிக்கு மேல்தான் தன்னைக் காட்டும் என்பதால், புதியவற்றைத் தனித்தொட்டியில் வைத்து நீர் நன்றாகச் சூடேறிய பின்னும் சில வாரம் கவனித்த பிறகே குளத்தில் விடுங்கள்.